சத்தமில்லாத வண்டிக்கு ஒரு மூலை

பெஹாலா, கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி அபினவுக்கு,

நேற்று நம் சந்துக்குள் ஒரு பெரிய கார் வந்தது, பூலு எழுந்திருக்கவில்லை. எந்த வண்டி வந்தாலும் முனையிலிருந்தே குரைத்துக்கொண்டு கூட ஓடி வருகிற பூலு, நம் கட்டடத்து வாசலில் நடுத்தெருவில் படுத்தபடி தூங்கிக்கொண்டிருந்தது, கார் அதன் வாலுக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றதுகூட அதற்குத் தெரியவில்லை. நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது அதுதான் என்பதால் முதலில் எழுதிவிட்டேன், இனி முறைப்படி. இங்கே அப்பா அம்மா நான் மூவரும் சுகம், அங்கே ஸ்வீடன் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறார்கள். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் அப்பா சொல்லச் சொல்ல மதுவந்தியாகிய நான் எழுதுகிறேன். நடுவில் அப்பா சொட்டு மருந்து போட்டுக்கொள்ளப் போகும்போது என் வரிகளும் வந்துவிடும், எது யாருடையது என்று உனக்கே தெரியும். பேப்பரில் எழுதினால்தான் கடிதம் என்று அப்பா சொல்வதால் பேப்பரில் எழுதி, படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை போனில் நீ கோபப்பட்டாய். ரிடயர் ஆன பணத்தைக் கொண்டுபோய் யாரோ ஓட்டித் தேய்த்த எலக்ட்ரிக் கார் பேட்டரியில் போடுவார்களா என்று கேட்டாய், யார் ஓட்டப் போகிறார்கள் என்றும் கேட்டாய். உன் வாயால் சரி என்று சொல்லாமல் வாங்க மாட்டேன் என்று அப்பா கொடுத்த வாக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நேற்று நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல் என்கிறார். சீக்கிரம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சால்ட் லேக்கில் இன்னொருவர் இதே வண்டிக்குக் காத்துக்கொண்டிருக்கிறாராம், நாளைக் காலைக்குள் நம் பதில் வராவிட்டால் அவருக்குப் போய்விடும்.

வண்டிக்காரர் பெயர் ரஞ்சன், நியூ டவுனில் ஐடி கம்பெனி ஒன்றில் பெரிய வேலை, குடும்பத்தோடு வெளிநாடு போகிறார். நீண்ட மூக்கோடு இருட்டு நீல நிறத்தில் வண்டி, உள்ளே தோல் சீட்டு, கூரை முழுக்கக் கண்ணாடி. அப்பா போர்ட்டில் இழுவைக் கப்பல் இன்ஜின்களோடு வாழ்ந்தவர் ஆயிற்றே, கண் கட்டோடு எங்களையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய் நேராக பானெட்டில் காதை வைத்துக்கொண்டார். ஸ்டார்ட் பண்ணுங்கோ என்று பெங்காலியில் சொன்னார், ரஞ்சன் பாபு ஆச்சே காக்கு, ஸ்டார்ட்டில்தான் இருக்கிறது மாமா, என்றார். அப்பா இன்னும் அழுத்திக் காதை வைத்தார். அம்மா என் பின்னால் நின்றபடி "ஏன்னா, குனியப்படாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே" என்று கத்துகிறாள், அப்பா அதைக் காதில் வாங்காமல் தமிழில் "உயிரே இல்லையேடி இதுல, பேட்டரி செத்துப் போச்சு, நம்ம தலைல கட்டப் பாக்கறான்" என்றார். ரஞ்சன் பாபு சிரிக்காமல் "சாகலை சார், அப்பலேர்ந்து ஸ்டார்ட்லதான் இருக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சுத்தத் தமிழில் சொன்னார், சென்னையில் படித்தவராம். அம்மா வெட்கப்பட்டு அந்த நிமிஷமே மாடிக்குப் போய்விட்டாள், அப்புறம் கெஞ்சித்தான் இறக்கிக் கொண்டுவந்தோம். பிறகு அவர் பானெட்டைத் திறந்து காட்டினார், உள்ளே இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி வைக்கிற பள்ளம், அதில் அவர் பெண்ணின் கிரிக்கெட் மட்டை. ஆயில் கிடையாது, பெல்ட் கிடையாது, ப்ளக் கிடையாது. அப்பா அந்தப் பள்ளத்துக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, அப்போ இதுல எனக்கு என்ன வேலை என்றார்.

நீ கேட்ட பேட்டரிக்கு வருகிறேன், இது அப்பா சொல்வது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சோதித்துக் கொடுத்த காகிதத்தை ரஞ்சன் பாபு கையோடு கொண்டுவந்திருந்தார், புதிதில் நூறு என்றால் இப்போது தொண்ணூற்றொன்று. பேட்டரிக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவாதம் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது, அது வாங்கியவர் பெயருக்கு இல்லை, வண்டிக்கு, கைமாறினாலும் வண்டியோடு வரும். அதை அவர் சொல்லை நம்பாமல் அப்பா சர்வீஸ் சென்டருக்கே போன் போட்டுக் கேட்டுக்கொண்டார். வேக சார்ஜ் போடாமல் வீட்டிலேயே ராத்திரியில் மெதுவாகப் போட்டு வளர்த்த பேட்டரி என்கிறார் அப்பா, கன்றுக்குட்டியைச் சொல்வது போல. இந்த மாதிரி வண்டிகள் முதல் மூன்று நான்கு வருஷத்தில்தான் விலை விழுமாம், அந்த விழுந்த விலை எல்லாம் ரஞ்சன் பாபு கணக்கு, நமக்கு இல்லை. புதிதாக ஒரு சாதாரண பெட்ரோல் கார் வாங்கப் போனால் என்ன ஆகுமோ அதற்கு இது கிடைக்கிறது. மழைத் தண்ணீரைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும், பேட்டரி சீல் பண்ணியதுதான் என்றாலும் பாதிச் சக்கரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம் என்று அப்பா இப்போதே சட்டம் போட்டுவிட்டார்.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே, அப்பாவுக்குக் கண் கட்டு. அப்பா என்னைக் காட்டி, இவளிடம் லைசென்ஸ் இருக்கிறது என்றார். அண்ணா, அந்த லைசென்ஸை நான் என் புடவைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தது உனக்குத் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் வண்டி பெஹாலா சௌராஸ்தா நாற்சந்தியில் ஒவ்வொரு தடவையும் என் காலில்தான் நின்றுபோகும், பின்னால் ஆட்டோவும் மினி பஸ்ஸும் ஹாரன் அடிக்க, பக்கத்தில் மாஸ்டர் க்ளட்ச் க்ளட்ச் என்று கத்த, ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கும். பத்தாம் வகுப்பில் பதில் சொல்ல எழுந்து நிற்கும்போது வகுப்பே எப்படித் திரும்பிப் பார்க்குமோ அப்படி. அதனால்தான் பள்ளிக்கூடத்தையும் விட்டேன், காரையும் விட்டேன். இந்த வண்டியில் க்ளட்ச்சே இல்லை. கியரும் இல்லை. எங்கே நிறுத்தினாலும் அது நின்றுபோகாது, நின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். ரஞ்சன் பாபு பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுத்தார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தால் வண்டி தானாகவே பிரேக் பிடிக்கும், பின்னால் இருப்பவர்கள் முன்னால் சாய்வார்கள், தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி மெதுவாக எடு என்றார். டயமண்ட் ஹார்பர் ரோடில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே போகும்போது என் மூச்சு எனக்கே கேட்டது. தாராதலாவில் சிக்னல், பின்னால் வழக்கம் போல ஹாரன், பச்சை விழுந்ததும் காலை வைத்தேன், கிளம்பிவிட்டது. அவ்வளவுதான் அண்ணா, கிளம்பிவிட்டது. மா ஃப்ளைஓவர் ஏறும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம், அப்பா ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

அம்மாவைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். டாக்சியில் டீசல் வாசனை வந்தாலே அம்மாவுக்குக் குமட்டும், கையில் எலுமிச்சம்பழமும் மடியில் பிளாஸ்டிக் பையும் இல்லாமல் ஏற மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். காமு பெரியம்மா நியூ டவுன் ஃப்ளாட்டுக்குப் போனதிலிருந்து அம்மா அங்கே போனதே இல்லை, பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோதும் போனில் அழுததோடு சரி. நேற்று அங்கேயே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானதும் எலுமிச்சம்பழத்தோடுதான் ஏறினாள். சயின்ஸ் சிட்டி தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன், பழம் சீட்டில் உருண்டு கிடந்தது, அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மா கதவைத் திறந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். "நீ எப்படிடி வந்தே, யார் தூக்கிண்டு வந்தா" என்றாள். அம்மா "என் பொண்ணு ஓட்டிண்டு வந்தா" என்றாள். அதைச் சொன்ன குரலை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. திரும்பும்போது இருட்டிவிட்டதால் ரஞ்சன் பாபுவே ஓட்டிவந்து எங்களை விட்டுவிட்டுப் போனார். வாரம் ஒரு தடவை அக்காவைப் பார்க்கலாம் என்று அம்மா காலையிலிருந்து காபி ஆற்றும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், வண்டி இன்னும் நம்முடையது ஆகவில்லை என்று அவளுக்கு நினைவே இல்லை.

இப்போது ஒரே ஒரு இடைஞ்சல்தான், சார்ஜ் போட இடம். மழையில் நம் கட்டடத்துக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், பம்ப் அறைப் பக்கத்து மூலை மட்டும்தான் மேடு. அந்த மூலை கமிட்டி கையில், கமிட்டி என்றால் பிஸ்வாஸ் ஜேட்டு, கட்டடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பெரியப்பா. ஜேட்டுவும் அப்பாவும் பேசாமல் போன கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பம்ப்பில் பேரிங் போகிற சத்தம் கேட்கிறது என்று அப்பா போன வருஷம் சொன்னார், நீங்கள் கப்பல்காரர், இது பம்ப் என்று ஜேட்டு சொல்லிவிட்டார், அந்த வருஷம் துர்கா பூஜை அஷ்டமியன்று வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது பம்ப் எரிந்துபோனது. அப்பா பால்கனியிலிருந்து எல்லோர் காதிலும் விழும்படி நான் அப்போதே சொன்னேன் என்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் இது பிஜோயா காலம், தசமி முடிந்து காளி பூஜை வரை பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வருகிறவர்களை எந்த வங்காளி வீட்டிலும் திருப்பி அனுப்ப முடியாது. இன்று காலை அம்மா ரவா லாடு உருட்டி டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்து நீ போ என்றாள். நானா என்றேன். உன்னிடம் அவர் கத்த மாட்டார் என்றாள்.

போனேன். காலைத் தொட்டேன், ஷுபோ பிஜோயா என்று வாழ்த்துச் சொன்னேன், நாரு என்கிற தேங்காய் உருண்டை கொடுத்தார், தின்றேன். அப்புறம் வந்த விஷயத்துக்கு வராமல் லாடு டப்பாவைத் திறந்து நீட்டினேன். இன்னொரு நாரு கொடுத்தார், அதையும் தின்றேன். ஜேட்டு மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு "அப்பா அனுப்பினாரா, இல்லையே, அவர்னா நோட்டீஸ் ஒட்டியிருப்பாரே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததும் குரலும் வந்துவிட்டது, மூலையைப் பற்றியும் காரைப் பற்றியும் பெரியம்மா முழங்காலைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். வண்டி எவ்வளவு நீளம் என்று கேட்டார், சொன்னேன். "என் அம்பாசடரே அந்த மூலைல மூணு பக்கமும் இடிச்சுது, இந்தத் திமிங்கலம் எங்கே நுழையும்" என்றார். பிறகு, சாயங்காலம் கொண்டுவா, சுவரில் படாமல் நுழைந்தால் ப்ளக் பாயின்ட் நானே போட்டுத் தருகிறேன், நுழையவில்லை என்றால் உன் அப்பா என் வீட்டுக்கு வந்து ஷுபோ பிஜோயா சொல்ல வேண்டும் என்றார். அப்பா இதைக் கேட்டதிலிருந்து நடுநடுவே எழுந்துபோய் அளவு நாடாவைத் தேடுகிறார். மூலையில் கிடந்த பூஜைப் பந்தல் மூங்கில்களை எல்லாம் ஓரம் கட்டியாகிவிட்டது.

அப்பா மருந்து போடப் போயிருக்கிறார், இது நான். யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டாய். நான் ஓட்டுகிறேன், அண்ணா. நீ அனுப்புகிற படிப்பு லிங்க் எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறேன், மூடிவிடுகிறேன், உன் மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை. இதை மூட எனக்கு மனசில்லை. பெரியம்மா கட்டடத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வர டாக்சி டிரைவர்களோடு மல்லுக்கட்டுகிற வயதான மாமிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்களாம், பெரியம்மா நேற்றே கேட்டுவிட்டாள். அது பிறகு பார்க்கலாம். முதலில் அம்மாவின் அக்கா.

அப்பா வந்துவிட்டார். குளிக்கும் முன் தலையில் எண்ணெய் வைத்துக்கொள், தீபாவளியன்று ஆபீஸ் என்று சொல்லித் தட்டிக் கழிக்காதே, பருப்புப் பொடி தீர்ந்தால் முன்கூட்டியே சொல் என்று அம்மா சொல்கிறாள். அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதே, யோசித்துவிட்டு வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இன்று ராத்திரிக்குள் சொல் என்று அப்பா சொல்கிறார். நீண்ட ஆயுளும் நல்ல மனசும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா சந்தானம், அம்மா கோமதி

அண்ணா, அப்பா கையெழுத்துப் போட்ட பிறகு இதைச் சேர்க்கிறேன். சாயங்காலம் ரஞ்சன் பாபு வண்டியைக் கொண்டுவந்தார், எல்லா பால்கனியிலும் ஆட்கள். அவரே உள்ளே விடுகிறேன் என்றார், அப்பா வேண்டாம், மதுவே விடட்டும் என்றார். ஜேட்டு பம்ப் அறைப் பக்கம் நின்றுகொண்டார், அப்பா மாடிப்படிப் பக்கம். நான் பின்னால் எடுக்க ஆரம்பித்ததும் அப்பா வலது வலது என்கிறார், ஜேட்டு பாயே பாயே என்று இடது பக்கம் கையை ஆட்டுகிறார், கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். உங்களுக்கு ஒரு கண்தானே என்று ஜேட்டு, உங்களுக்கு இரண்டு இருந்தும் அம்பாசடரை இடித்தீர்களே என்று அப்பா. போன வருஷ அஷ்டமிக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை, மேலே யாரோ கை தட்டினார்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. முன்னால் திரையில் பின்பக்கச் சுவர் வருகிறது, இரண்டு பக்கமும் கண்ணாடியில் செங்கல் தெரிகிறது, கால் விரல் நுனியால் மட்டும் விட்டேன், ஒரு தடவை நிறுத்தி முன்னால் எடுத்து மறுபடி விட்டேன், நுழைந்துவிட்டது. ஜேட்டு வந்து இரண்டு பக்கமும் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தார், கை போனது. அப்பாவைப் பார்த்து, சந்தானம் பாபு, புதுப் பம்ப்பும் என்னவோ முனகுகிறது, வந்ததுதான் வந்தீர்கள், ஒரு தடவை காதை வைத்துவிட்டுப் போங்கள் என்றார். இரண்டு பேரும் அறைக்குள் போகத் திரும்பினார்கள். நான் கண்ணாடியை இறக்கி, ஜேட்டு என்று கூப்பிட்டு, சுவரில் ப்ளக் பாயின்ட் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டினேன்.

மதுவந்தி