பாறை வீட்டில் எனக்கு ஓர் இடம்

இன்று காலை தேக்கா உணவங்காடியில் தோசை வாங்கிக்கொண்டு திரும்பினால், காலியான மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. யாரோ இடம் பிடித்து வைத்திருந்தார்கள். சிங்கப்பூருக்குப் புதியவர் போலிருந்த ஒருவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காரப் போனார். "தம்பி, அங்க ஆள் இருக்கு," என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையில் தட்டோடு என்னைத் தனியாகச் சிரிக்க வைத்துவிட்டீர்கள், போங்கள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும், எனக்கு உயரம் ஆகாது. கேமரன் மலையோ கேபிள் காரோ, எதுவானாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்று கீழேயே நின்றுவிடுவேன். நீங்களும் போய்வந்து, நான் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் நின்று ஒன்றுவிடாமல் சொல்வீர்கள். அதில் பாதி உங்கள் கைச்சரக்கு என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மகன் முரளி நம் இருவரையும் பேத்தியையும் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனபோது, விமானத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "இந்த ஒரு தடவையாவது, திரும்பி வந்து உனக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இருக்கக் கூடாது." இனி இவ்வளவு தூரம் நம்மால் வர முடியாது என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் அந்தச் செங்குத்துப் பாறையின் விளிம்பில், கீழே பாறை வீடுகளுக்கு இறங்கும் மர ஏணியைப் பார்த்ததும் என் வாயில் பழைய பல்லவிதான் வந்தது. நீங்கள் பேத்தியோடு இறங்கிவிட்டீர்கள்.

மேலே பாதை வளைகிற இடத்தில் முரளியோடு நின்று பார்த்தேன். பாறையின் குடைவுக்குள் எந்தக் காலத்திலோ கல் அடுக்கிக் கட்டிய வீடுகள், சின்னச் சின்ன சன்னல்கள். சுற்றிக்காட்டும் பெண் பேசத் தொடங்கியதும் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். நீங்களோ சட்டைப்பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து, பக்கத்திலிருந்த குட்டைச் சுவரின் மேல் வைத்தீர்கள். அந்தப் பெண் பதறி ஓடிவந்தார். பல நூறு வருடத்துச் சுவராம், அதன்மேல் கையே படக்கூடாதாம். நீங்கள் அசரவில்லை. பாக்கெட்டை எடுத்துக்கொண்டு என்னைச் சுட்டிக்காட்டி, பாறையே அதிர, "சாரி மிஸ், மை வைஃப் கமிங் லா!" என்றீர்கள். கூட்டம் மொத்தமும் அண்ணாந்து என்னைப் பார்த்தது. பேத்தி முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குமேல் எப்படி நிற்பது? மானம் போகிறதே! முரளி முன்னால் இறங்க, நான் ஏணிக் கம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். பாதியில் நின்றுவிட்டேன்.

"அவசரமே இல்ல," என்று கீழிருந்து உங்கள் குரல் வந்தது. "இந்த வீட்டுக்காரங்க தண்ணிப் பானையோட ஏறி இறங்கியிருக்காங்க. நீ வெறுங்கையோட வந்தாப் போதும்."

"கொஞ்சம் வாயை மூடுங்க!"

உங்களைத் திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே, தரைக்கு வந்துவிட்டேன்.

தரையில் உங்கள் பக்கத்தில் எனக்கு இடம் இருந்தது. அந்தப் பெண்ணின் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. நீங்கள் எதையும் விளக்கவில்லை. அடுப்பு எரிந்து கருத்திருந்த பாறைக் கூரையை நான் பார்த்தேன், நீங்களும் அதையே பார்த்தீர்கள். பிள்ளை பிறந்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேனா தெரியவில்லை.

போன மாதம் உங்கள் திதி முடிந்தது. பொங்கோலில் நம் வீட்டுக்கு வந்திருந்த பேத்தி, "பாட்டி, துருக்கி போலாமா? அங்கயும் பாறையைக் குடைஞ்சு செஞ்ச வீடு இருக்கு. பலூன்ல வேற ஏறலாம்," என்றாள். மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். "டிக்கெட் எடு," என்றுதான் வந்தது. அவளுக்கே நம்ப முடியவில்லை.

பயம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அது அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் ஏறுவேன். திரும்பி வந்து, உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வேன். நீங்களும் கூட வர முடிந்திருந்தால் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.