போனை எடுக்காத மனுசன்

சனிக்கிழமை, இரவு

இன்றைக்கு ஊர்ச் சனத்துக்கு முன்னால் என்னை நானே கோமாளியாக்கிப் போட்டேன். சனசமூக நிலைய ஆண்டுவிழாவில் என்ரை மகள் முதன்முதலாய் எழுதின நாடகம் போட்டார்கள். அதிலே ஒரு தகப்பன் காணியை எழுதிக் குடுக்க, உறுதி முடிக்கிற நொத்தாரிசிட்டைப் போறார். வாங்கிறவன் ஏமாத்துக்காரன் என்று சொல்ல மகள்காரி தகப்பனுக்குப் போன் அடிக்கிறாள். மனுசன் போனைப் பார்த்துவிட்டு, "பிறகு கதைப்பம்" என்று மடியில் செருகுகிறார். அதுவும் மூன்று தரம்! முன்வரிசையில் இருந்த நான் எழும்பி, "எடடா போனை, விசரா!" என்று கத்திப்போட்டேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நடித்த பெடியன் வசனத்தை மறந்து நின்றான்.

வீட்டை வந்தும் என்ரை வாய் நிக்கேல்லை. "உப்பிடியும் ஒரு மொக்கன் இருப்பானோ, பிள்ளை?"

"அவர் போனை எடுத்தால் நாடகம் பத்து நிமிசத்திலை முடிஞ்சிடும், அப்பா."

"அதுக்காக மனுசனை மொக்கனாக்கிறதோ?"

"ஓம். நான் இனி எழுதேல்லை. சந்தோசமோ?"

நாடகக் கொப்பியை அடுப்படி விறகுக்கு மேலே போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். "உங்கடை வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேணும்" என்றாள் என்ரை மனுசி.

கொப்பியை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன். மகளின்ரை அறை வாசலில் இரண்டு தரம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். நாடகம் பிழை என்று நான் கத்தேல்லை, பிள்ளை. அந்த மனுசன்ரை காணி போகப்போகுதே என்று நெஞ்சு பதறித்தான் கத்தினேன்.