கரை சேர்த்த மரப்பெண்ணுக்கு ஒரு சேலை

அனுப்புநர்:
திருமதி எமிலியானா ஸ்ரனிஸ்லாஸ்,
சொந்த ஊர்: பேசாலை, மன்னார்.
தற்போது: வீட்டுப் பணியாளர், லிபெர்த்தா, பலெர்மோ.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
பழங்கப்பற் பொருட்கள் காப்பகம்,
பலெர்மோ.

பொருள்: ‘தெரேசீனா’ என்னும் பாய்க்கப்பலின் முகப்புச் சிலைக்கு நேர்த்திச் சேலை சாத்த அனுமதி மறுக்கப்பட்டமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். என்னிடமுள்ள இத்தாலிய மொழி சமையலறைக்கும் என் எசமானி சிஞ்ஞோராவின் மருந்துக் குளிசைகளுக்கும் போதுமானது. ஓர் அதிகாரியிடம் மன்றாட அது போதாது. இதை மொழிபெயர்த்துத் தர எங்கள் தமிழர் சங்கத்தைச் சேர்ந்த திரு. உமாசுதன் சம்மதித்துள்ளார். நீண்டுவிட்டது என்று சொல்லி அவர் எதையும் வெட்டக் கூடாது என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். அதையும் அவர் மொழிபெயர்க்க வேண்டும்.

2. நான் லிபெர்த்தாவில் வயதான ஒரு சிஞ்ஞோராவைப் பராமரித்து வருகிறேன். கோடைகாலத்தில் அவர் பகேரியாவுக்குக் கீழே கடலோரத்திலுள்ள தம் வீட்டுக்குப் போவார். நானும் கூடப் போவேன். அங்கே படகுகள் இழுத்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மீனவர்களின் சிறிய செபக்கூடம் ஒன்று உள்ளது. அதன் மூலையில், என்னைவிட உயரமான மரச்சிலை ஒன்று நின்றது. நீல அங்கி, காற்றில் பின்னால் பறக்கும் கூந்தல், நெஞ்சில் வைத்த இடக்கை. வலக்கை இல்லை. நீல அங்கியும் நெஞ்சில் கையுமாக ஒரு பெண் நின்றால் எங்கள் ஊரில் யாரும் விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். மாதா என்று முழந்தாளிட்டேன். அது மாதா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

3. பிறகு எங்கள் ஆட்களுக்கும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறிப் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு, சிலர் பகேரியா ரயிலில் ஏறி அந்தச் செபக்கூடத்துக்கும் வரத் தொடங்கினார்கள். என் சிநேகிதி ரதி சைவ சமயத்தவர். நான் வேலை செய்யும் கட்டடத்தின் மேல் மாடியில் அவருக்கு வேலை. அவரும் வந்து, கும்பிட்டு, சிலையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். தாங்கள் ஏப்ரலில் அனுப்பிய கடிதத்தில் ‘இனந்தெரியாத சிவப்புக் கறை’ என்று எழுதப்பட்டிருப்பது அதுதான். அது குங்குமம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ரதி மன்னிப்புக் கேட்கிறார். ஆனால் வெறும் நெற்றியோடு விடாதீர்கள் என்று சேர்த்து எழுதச் சொல்கிறார்.

4. சென்ற ஆண்டு ஐப்பசியில் என் கணவர் ஸ்ரனிஸ்லாஸ் என்னிடம் வருவதற்காகக் கடல் வழியாகப் புறப்பட்டார். எப்படிப் புறப்பட்டார் என்பது குவெஸ்தூராப் பொலிசாருக்குத் தெரியும். அவருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, விண்ணப்பம் அங்கேதான் இருக்கிறது, தாங்கள் அதையிட்டு யோசிக்க வேண்டியதில்லை. கப்பலில் ஏறிவிட்டதாக ஒரு தொலைபேசி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. காற்றும் மழையுமாக இருந்த வாரங்கள் அவை. சிஞ்ஞோராவுக்குச் சூப் ஊட்டும்போது அவருடைய கழுத்தெல்லாம் சிந்திவிட்டேன். அவர் கோபிக்காமல், எங்கே போக வேண்டுமோ போய்விட்டு வா என்று அரைநாள் விடுமுறை தந்தார்.

5. நான் பகேரியாவுக்குப் போனேன். செபக்கூடத்தின் சாவி துரி என்ற முதிய மீனவரிடம் இருக்கும். அவர் திறந்துவிட்டு வெளியே மழையில் நின்றார். நான் அந்தச் சிலையிடம் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: “அவரைக் கரையிலை ஏத்திவிடுங்கோ. நாங்கள் ரெண்டு பேருமாய் வந்து உங்களுக்குச் சேலை சாத்துறம்.” இதுதான் என் நேர்த்தி. இந்த மனு முழுவதும் இதற்காகத்தான்.

6. என் கணவர் கரையேறினார். மெலிந்து, தாடியோடு, யாரோ ஒருவருடைய காற்சட்டையோடு வந்து நின்றார். அவருடைய இடுப்பில் பொலித்தீன் பையால் சுற்றிக் கட்டிய பொதி ஒன்று இருந்தது. அவிழ்த்தால் என் கலியாணக் கூறைச் சேலை. நான் ஊரை விட்டு வரும்போது பெட்டியில் வைத்துவிட்டு வந்தது. நேர்த்தியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது; எனக்குக் கொண்டுவந்து கொடுக்க அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். பைக்குள் தண்ணீர் போய்த் தலைப்பில் உப்புக்கறை படிந்திருந்தது. எந்தச் சேலையைச் சாத்துவது என்று அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை.

7. பெப்ரவரியில் இருவருமாகச் சேலையை எடுத்துக்கொண்டு போனோம். மூலை வெறுமையாக இருந்தது. கூரை ஒழுகுவதால் சிலை கெட்டுவிடும் என்று தங்கள் காப்பகத்தார் லொறியில் ஏற்றிப் போனதாகத் துரி சொன்னார். கையில் சேலையோடு நின்ற எங்களைப் பார்த்துவிட்டு, அவர் எங்களை ஒரு படகின் விளிம்பில் இருத்தி உண்மையையும் சொன்னார். அது மாதா அல்ல. மூழ்கிய ஒரு கப்பலின் முன்பகுதியில் பொருத்தியிருந்த சிலை. எங்கள் பேசாலைக் கரையில் அணியம் என்று சொல்வோமே, அந்த இடத்தில் நின்றது. மீனவர் எல்லோருக்கும் இது முதலிலேயே தெரியும். நீங்கள் அவ்வளவு உருகிக் கும்பிட்டீர்கள், சொல்ல மனம் வரவில்லை என்றார்.

8. கப்பலின் கதை தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த ஊரில் சொல்கிறபடி நான் எழுதுகிறேன். ‘தெரேசீனா’ இரண்டு பாய்மரம் கொண்ட வணிகக் கப்பல். நூறு வருடங்களுக்கு மேல் முந்திய ஒரு மாரியில், எலுமிச்சம்பழப் பெட்டிகளோடு ஜெனோவாவுக்குப் புறப்பட்டது. வடகாற்று அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் கரைப் பாறையில் மோதவைத்தது. ஊரார் கயிறுகளோடு கரையில் நின்றார்கள். அலையில் ஒரு கயிறும் போய்ச் சேரவில்லை. கரைக்கு முதலில் வந்தவை எலுமிச்சம்பழங்கள். மணல் முழுவதும் மஞ்சளாகக் கிடந்தும் அந்தப் பழத்தை ஊரில் ஒருவரும் பொறுக்கவில்லையாம். பிறகு இந்த மரப்பெண் வந்தார். அவருடைய கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி மாலுமி ஒருவர் உயிரோடு வந்தார். பிடித்த கையை விடுவிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மற்றவர்களைக் கடல் பிறகுதான் தந்தது; அவர்களை ஊரார் தங்கள் சேமக்காலையிலேயே அடக்கம் செய்தார்கள். தப்பியவர் ஊர் திரும்பவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்ட வேலைக்குப் போய்விட்டாராம்.

9. என் கணவர் இப்போது சியாகுல்லியில் மண்டரின் பழத் தோட்டத்தில் வேலை செய்கிறார். ரயிலில் போனால் கடல் தெரியாத பக்கமாகத்தான் உட்காருவார். அன்று துரி இதைச் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து, வெறுமையாக இருந்த அந்த மூலைக்குப் போய்ச் சுவரில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கரையேறிய நாளிலிருந்து அழாதவர் அன்றைக்குத்தான் அழுதார்.

10. மாதா அல்ல என்று அறிந்ததில் எனக்கு வெட்கமும் கவலையும் உண்டானது உண்மை. எங்கள் பங்குச் சுவாமியிடம் கேட்டேன். தெரியாமல் வைத்த நேர்த்தி கட்டுப்படுத்தாது, சேலையைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். ரதியிடம் சொன்னேன். அவர் சொன்னது: “மாதாவோ மரமோ, எங்கடை கதையைக் கேட்டவ அவதானே. கேட்டவவுக்குத்தான் குடுக்கோணும்.” சுவாமிமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த விடயத்தில் நான் ரதியின் பக்கம்.

11. எங்கள் முதல் விண்ணப்பத்துக்குத் தாங்கள் ஏப்ரலில் அனுப்பிய பதிலில் மூன்று காரணங்கள் கூறப்பட்டுள்ளன. அது வழிபாட்டுப் பொருள் அல்ல என்பது ஒன்று. ஒப்புக்கொள்கிறேன்; நாங்கள் கும்பிட வரவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வருகிறோம். துணியால் பழைய வர்ணம் உரியலாம் என்பது இரண்டாவது. கூறையை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்திவிட்டேன். தோளில் சும்மா போர்த்துவோம். இறுக்க மாட்டோம், ஊசி குத்த மாட்டோம். கையுறை போடச் சொன்னால் போடுகிறோம். மெழுகுதிரியும் சாம்பிராணியும் கொண்டுவர மாட்டோம். ரதியைப் பொட்டு இல்லாமல் வரச் சொல்லியிருக்கிறேன். அதாவது அவருடைய குங்குமச் சிமிழ் இல்லாமல்.

12. சிலை அடுத்த மாதம் திருத்த வேலைக்காக உரோமுக்குப் போகிறது என்றும், திரும்ப வரும் காலம் சொல்வதற்கில்லை என்றும் தங்கள் வாயிற்காவலர் சொன்னார். ஆகவே அதற்கு முன், காப்பகம் மூடியிருக்கும் ஒரு திங்கட்கிழமையில், ஒரு மணித்தியாலம் மட்டும் எங்களை உள்ளே விட வேண்டுகிறேன். அந்த நேரம் முடிந்ததும் சேலையை மடித்து எடுத்துவிடுவோம். எங்கள் கோயிற் பங்கில் கூறை வாங்க வசதியில்லாத ஒரு பெண்பிள்ளைக்குத் தை மாதம் கலியாணம். அவர் அதை உடுத்துவார்.

13. தாங்கள் கூறிய மூன்றாவது காரணத்தைக் கடைசிக்கு வைத்தேன். அந்தச் சிலை எவரையும் காப்பாற்றியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மாலுமியைப் பற்றி ஊரார் சொல்வதைத் தவிர என்னிடமும் ஆதாரம் இல்லை. அவர் முதலாமவர். இரண்டாமவரை நான் அன்றைக்கு நேரில் கூட்டி வருகிறேன். சேலையின் மறுதலைப்பை அவர்தான் பிடிப்பார்.

தங்கள் பதிலை எதிர்பார்த்துக் கூறையை மடித்து வைத்திருக்கும்,

எமிலியானா ஸ்ரனிஸ்லாஸ்
(கையொப்பம்)

இடம்: பலெர்மோ
திகதி: 12.06.1995