தொண்டையில் ஒன்றுமில்லை

கண்ணம்மா,

என் மாட்டு வைத்திய நினைவுகளைப் படித்துவிட்டு, "அப்பா, உங்க மாடெல்லாம் எங்க வீட்டு ஆளுங்களாயிடுச்சு. அடுத்தது எங்கே?" என்று கேட்டிருந்தாய். இதோ.

பால்காரர் மூச்சிரைக்க வந்தார். "டாக்டர், பசு எச்சில் வடிக்குது. தொண்டையில என்னமோ சிக்கிக்கிச்சு."

கையுறை போடாமல் அதன் வாய்க்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. வீண் பயம் என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பசு செத்துப்போனதையும், முன்பே அதை வெறிநாய் கடித்திருந்ததையும் மூன்று வாரம் கழித்து நேற்றுதான் சொன்னார். அன்று என் விரலில் ஒரு கீறல் இருந்தது. வெறிநாய்க்கடி ஊசி ஆரம்பித்துவிட்டேன்.

அம்மாவிடம் மூச்சு விடாதே. பிள்ளைகளை இப்போது அழைத்து வராதே, வீட்டில் வெள்ளையடிக்கிறோம்.

அந்த நோய் வந்தால் தண்ணீர் இறங்காது. மணிக்கொரு தரம் ஒரு டம்ளர் குடித்துப் பார்க்கிறேன். இந்த வரிவரை இறங்குகிறது.

அப்பா