கண் திறந்தது அவர்தான்

இன்று காலை வீடெல்லாம் பச்சைக் கற்பூர வாசனை. நம் பட்டறை முதலாளி, அதுதான் நம் குருவுகாரு, திருமலை லட்டோடு நகரியில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். நீயும் நானும் பத்து வருஷம் ரயிலேறிப் போய் அவரிடம் வேலை செய்தோமே, ஒருநாளாவது ஒரு லட்டு விண்டு கொடுத்திருப்பாரா? உன் காய்ச்சலுக்கும் வரவில்லை, சாவுக்கும் வரவில்லை. ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

திருப்பதியில் அலிபிரிப் பக்கத்துப் பட்டறையில் சாமி படங்களை முழுதாக வரைந்தவள் நீ. கடைசியில் அவர் வந்து கண்ணில் கருமணி மட்டும் வைப்பார், அதுதான் கண் திறப்பது. கண் திறந்தவர் பேர்தான் படத்துக்கு, அது அங்கே வழக்கம். ஓரத்தில் உன் பேரைச் சின்னதாக எழுதட்டுமா என்று கேட்டாய். "பொம்பள பேரு போட்டா எவன் வாங்குவான்?" என்று சிரித்தார்.

பிறகு சித்தூர் பெண்கள் விடுதி சிஸ்டர், நானூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் வரைந்த ஒரு வேதாகமப் படத்தைக் காட்டி, அதையே பெரிதாக வரைந்து தரச் சொன்னார். ஊரை அழிக்க வந்த படைத்தலைவனை ஒரு கைம்பெண் கழுத்தறுக்கிறாள், வேலைக்காரி அவனை அமுக்கிப் பிடிக்கிறாள். "இத்த வரைஞ்சதும் பொம்பளதான்மே," என்றாய்.

வெட்டுப்படுகிறவனுக்குக் குருவுகாருவின் முகத்தையே வைத்தாய். அதே தாடி, அதே மூக்கு மச்சம். அவர் பார்த்துவிட்டால் என்னடி செய்வது என்று கேட்டேன். "அவரு என்னிக்கி படத்த பாத்துகிறாரு? கண்ண மட்டும்தான் பாப்பாரு," என்றாய்.

அப்படியே ஆயிற்று. அவசரமாக வந்தார், மூன்று பேருக்கும் கண் திறந்தார், தன் முகத்துக்குக் கீழேயே தன் பேரை எழுதிவிட்டுப் போனார்.

இப்போது அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற வீட்டார் அதைப் பார்த்துவிட்டார்களாம்.

"மூஞ்சிய மட்டும் மாத்திடும்மா. என் பேர அழிச்சிட்டு அவ பேரே போட்டுக்க," என்று கைகூப்பினார்.

ஒரு நிமிஷம் மனசு ஆடிப்போயிற்றடி. நீ ஆசைப்பட்டது அதுதானே.

"மூஞ்சியும் இருக்கட்டும், உங்க பேரும் அங்கியே இருக்கட்டும், குருவுகாரு. ரெண்டும் சேந்தாதான் வரைஞ்சது நீங்க இல்லன்னு ஊருக்குப் புரியும்," என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பாவம் என்று தோன்றவே இல்லை. வருஷா வருஷம் சித்தூருக்குப் போய் அந்தப் படத்தைத் துடைத்து வார்னிஷ் பூசுகிறவள் நான். என் கையில் தெம்பு இருக்கிறவரை அந்த முகத்தை மங்க விடமாட்டேன்.