அப்பாவுக்கு மிஞ்சிய வார்த்தை

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகத்திலும் சுகக்கேட்டிலும் கைவிடாத நம் ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் குட்டியையும் காப்பாராக. இங்கே நான் நலம். அப்பாவின் வலது கால் கொஞ்சம் தேறியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை போய் வருகிறார். கை மட்டும் இன்னும் தொங்கலாகத்தான் இருக்கிறது. குட்டிக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா? ராத்திரி தூங்குகிறானா?

நீ போன் செய்யும்போதெல்லாம் "அப்பாகிட்ட குடும்மா" என்று கேட்கிறாய். நான் தூங்குகிறார் என்கிறேன். போன வாரம், "எப்பப் பார்த்தாலும் தூக்கமா? என்கிட்ட எதை மறைக்கிறே?" என்று அழுதுவிட்டாய். அதை வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் அப்பாவின் பேச்சு போய்விட்டது என்றுதானே உனக்குச் சொன்னேன். முழுதாகப் போகவில்லை. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கிறது. அது கெட்ட வார்த்தை. பஸ் நிலையத்தில் டிரைவர்கள் சண்டை போடும்போது காதில் விழுமே, அந்த ரகம். தாயை இழுத்துத் திட்டுவது. இதற்குமேல் எழுத என் கை வராது.

தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸுக்கு நன்றி சொல்ல நினைத்து, சிரித்த முகத்தோடு அதைச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. காலமெல்லாம் பஸ் ஓட்டியும் யாரையும் 'டேய்' என்று கூப்பிடாத மனுஷர். டிப்போவில் அவருக்கு 'பாதிரியார்' என்றல்லவா பட்டப்பெயர்!

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம், "அப்படின்னா இவ்வளவு நாளும் இது அவர் மனசுக்குள்ளேயே இருந்துச்சா?" என்று கேட்டேன். "மனசுல இல்லம்மா, காதுல விழுந்தது. யோசிச்சுப் பேசுற பேச்சு மூளையில ஒரு பக்கம், தன்னால வாயில வர்றது வேற பக்கம். அடிபடாத பக்கத்துல இது ஒட்டிக்கிட்டிருக்கு. அவர் சொல்ல நினைக்கிறது வேற" என்றாள். புரிந்தது. புரிந்துவிட்டால் வெட்கம் போய்விடுமா?

நடக்க ஆரம்பித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் தலைகுனிந்து மௌனமாக ஜெபிக்கும்படி போதகர் சொன்னார். அந்த அமைதியில் அப்பா கணீரென்று அதைச் சொன்னார். பின் பெஞ்சுப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். காணிக்கை எடுக்கும் பெரியவர் திரும்பி முறைத்தார். போதகர் ஆசீர்வாதம் கூறுவதற்குள் அப்பாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததுகூட வீட்டில்தான் தெரிந்தது.

அதிலிருந்து ஜன்னல்களைச் சாத்தியே வைத்தேன். போதகர் பார்க்க வந்தபோது வாசலிலேயே பேசி அனுப்பினேன். குடும்ப ஜெபம் நின்றுபோனது. அப்பா கண்ணை மூடினால் சோறு ஆறிப்போகும் என்று நீ சிணுங்குவாயே, இப்போது சோறு சூடாகவே இருக்கிறது. சமையலறையில் தனியாக ஜெபித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. உம்மைத் துதித்த வாயையா இப்படிக் கேவலப்படுத்துவீர் என்ற ஆத்திரம்தான் வந்தது.

ஒருநாள் அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு அம்மா ஏணி கேட்டு வந்தாள். வாங்க என்று சொல்ல நினைத்திருப்பார், வந்தது அதுதான். அவள் ஏணியை வாங்காமலே போய்விட்டாள். "வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருங்களேன், என் மானமே போகுது!" என்று கத்தினேன். அப்பா என்னையே பார்த்தார். பிறகு இடது கையை எடுத்து, சோப்பு நுரையோடு வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் சாப்பிட மட்டும்தான் திறந்தார். உன் அம்மா இப்படிப்பட்டவளாகிவிட்டாள், பாப்பா.

அப்புறம் ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அறைக்குள் முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மடியில் தலையணையை வைத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எரிச்சலோடு திரும்பியவள் நின்றுவிட்டேன். அது திட்டுகிற ராகம் இல்லை. அப்பா ஜெபிக்கிற ராகம். துதியில் உயர்ந்து, நோயாளிகளுக்காகத் தணிந்து, உன் பெயர் வருமிடத்தில் எப்போதும் தொண்டை கம்முமே, அங்கே கம்மியது. என்னை எப்போதும் கடைசியில்தான் வைப்பார். அங்கேதான் நெடுநேரம் நிற்பார். அன்றும் நின்றார். வாயை மூடச் சொன்னவளுக்காக.

சிலுவையில் ஆண்டவர் 'ஏலீ, ஏலீ', என் தேவனே என்று பிதாவைக் கூப்பிட்டபோது, சுற்றி நின்றவர்கள் எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுகிறார் என்றுதானே நினைத்தார்கள்? எத்தனை முறை வாசித்திருக்கிறேன், ஒருநாளும் உறைத்ததில்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருக்கிறேன். ஆனால் கேட்க வேண்டியவருக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது, அன்றும் இன்றும்.

போய்த் தலையணையை எடுத்தேன். பயந்துபோய் மறுபடி வாயைப் பொத்தப் போனார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் முழங்கால் போட்டேன். "முடிச்சிருங்க" என்றேன். முடித்தார். நான் ஆமென் சொன்னேன். இந்த வியாதி வந்தபிறகு நான் மனதாரச் சொன்ன முதல் ஜெபம் அதுதான்.

போன ஞாயிறு மறுபடியும் கோயிலுக்குப் போனோம். போதகரிடம் முன்கூட்டியே எல்லாம் சொன்னேன். "கூட்டிட்டு வாங்கம்மா. சரியாப் பேசத் தெரிஞ்சவங்களுக்கு மட்டுமா கோயில்?" என்றார். ஜெப நேரத்தில் அப்பா அதையே சொன்னார். நான் சத்தமாக ஆமென் என்றேன். கூட யாரும் சொல்லவில்லை. யாரோ செருமினார்கள். காது மடல்வரை சுட்டது. வெட்கம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஆனால் எழுந்து ஓடவில்லை. பேச்சு திரும்புமா என்று டாக்டருக்கே தெரியாது. இந்த வீட்டில் நாங்கள் இரண்டுபேர் மட்டும் இல்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அது போதும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அழுகிறேன்.

வரும் ஞாயிறு சாயங்காலம் கூப்பிடு. போனை அப்பாவிடமே கொடுக்கிறேன். முதலில் உனக்குத் தூக்கிவாரிப்போடும். என் கண்ணே, வைத்துவிடாதே. குட்டியையும் மடியில் வைத்துக்கொள். அவர் நிறுத்தும்வரை பொறுத்திருந்து கேள்; அது முழுக்க உங்களுக்கான ஆசீர்வாதம். முடிந்ததும் நீயும் ஒரு ஆமென் சொல்லு.

என்றும் உன்னை நினைக்கிற,
அம்மா