மூன்றாவது துளை

ஓரிக்கையில் தங்கைக்கு வளைகாப்பு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் புவனேஸ்வரி கணவனுக்குச் சீட்டு எழுதாமல் கிளம்புவதாக இல்லை. நேற்றைய சண்டை இன்னும் மிச்சமிருந்தது. குமரகுரு விடியற்காலையிலேயே பாலைக் கறந்து வைத்துவிட்டு, தறிக்கு நூல் பாவு விரிக்கத் தெருக்கோடிக்குப் போயிருந்தான்.

"இன்னாங்க, புளிக்குழம்பு மூடி வெச்சிருக்குது. சாவி பக்கத்து வீட்டு அம்சா கிட்ட. எங்க அண்ணன் வந்தா காபி போட்டுக் குடுங்க. பசுவுக்கு நாலு காம்பு இருக்குது. கன்னுக்குட்டிக்கு ஒண்ணே ஒண்ணு விட்டா எப்படிப் பத்தும்? வயிறு ஒட்டிக்கினு கிடக்குது. சாயங்காலம் ரெண்டு விடுங்க."

சீட்டைச் செருகத் தொழுவத்துக்குப் போனாள். அதன் கதவில், சேலை டிசைனுக்குத் துளை போடும் பழைய தறி அட்டைத் துண்டு ஒன்று தொங்கும். யார் கறந்தாலும் பங்கு தப்பக்கூடாது என்று குமரகுரு செய்த ஏற்பாடு. நான்கு காம்புக்கு நான்கு புள்ளி. துளை போட்ட புள்ளி கன்றுக்கு, மற்றவை வீட்டுக்கு. நேற்றுவரை அதில் ஒரே துளைதான்.

இன்று மூன்று இருந்தன. வாயோரம் நுரை காயாத கன்றுக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளியது.

புவனேஸ்வரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். பிறகு சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"மூணு வேணாங்க, குட்டிக்கு வயிறு கழியும். ரெண்டு போதும். மூணாவது துளைய என் பொட்டால மூடியிருக்கேன். அந்தக் காம்பு உங்க காபிக்கு."